மேட்டு ரேடியோ ஆர்லன்

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் தெற்கு மலைப்பக்கத்தில் பெல்நாப் என்று ஒரு ஊர். ஊருக்கு மேலே மேட்டில் ஒரு தகரக்கூரை வீடு, பக்கத்தில் துருப்பிடித்த ஒரு கோபுரம். வானொலி நிலையம் அவ்வளவுதான். தீவனக்கடை வைத்திருந்த ஹட்சின்ஸ் கிழவர், பன்றி விலையும் மழை நிலவரமும் குடியானவன் காதில் விழட்டும் என்று ஆரம்பித்தது. இடைவெளியை நிரப்ப, கிராமத்து கிடார் இசையான கன்ட்ரி பாட்டுத் தட்டுகளைச் சுழலவிட்டார். கடைசியில் பன்றி விலையை விடப் பாட்டுக்குத்தான் ஊர் காது கொடுத்தது.

ஆர்லன் பிக்ஸ் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே தரை கூட்ட வந்தவன். காலை அறிவிப்பாளர் குடித்துவிட்டு வராமல் போன ஒரு நாளில் கிழவர் அவனைப் பிடித்து ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்தார். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தலை நரைத்து, தொப்பை விழுந்து, குரல் மட்டும் சரளைக்கல் உருள்வது போல முற்றிக்கொண்டு போனது. ஒரு காலகட்டத்துக்குப் பிறகு நிலையத்தின் பெயர்ப்பலகையில் "கிளாசிக்" என்று சேர்த்தார்கள். பாட்டு பழசானால் அப்படி ஒரு பெயர் கிடைக்கும். ஆள் பழசானால் ஒன்றும் கிடையாது.

காலையில் அவனுக்கு மூன்று வேலை. முதலில் சாவுச் செய்தி. அதைப் படிக்கும்போது பின்னால் பாட்டு இருக்காது. ஊர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும். அப்புறம் "விக்கிறேன் வாங்குறேன்" நேரம். ஆட்டுக்கடாவோ பழைய டிராக்டர் சக்கரமோ, விற்க இருப்பவன் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுவான். கடைசியில் பிறந்தநாள். அன்று யாருக்குப் பிறந்தநாளோ அவனைப் பெயர் சொல்லி நாலு வார்த்தை நக்கலடிப்பான் ஆர்லன். அவன் நக்கலடிக்கவில்லை என்றால் வயசு ஏறியதாகவே ஊரில் கணக்கில்லை.

கிழவர் போனபின் அரிசோனாவில் இருந்த மகள் நிலையத்தை ஒரு கம்பெனிக்கு விற்றாள். கம்பெனி சார்பில் கென்ட் என்று ஒரு வாலிபன் நகரத்திலிருந்து தொலைபேசியில் பேசினான்.

"ஆர்லன் சார், இனிமே நீங்க தினம் விடியக்காலைல எந்திரிக்க வேணாம். வியாழக்கிழமை ஒரு மதியம் வந்து அடுத்த வாரத்துக்குப் பேச வேண்டியதை எல்லாம் பேசி வச்சிருங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"சாவுச் செய்தி?"

"அது வேணாம் சார். காலங்காத்தால யாருக்கு அது?"

"போன்ல கூப்பிடறவங்க?"

"அதுவும் வேணாம். பிறந்தநாள் இருக்கட்டும். அது முன்கூட்டியே தெரியும்ல?"

ஆர்லன் தலையாட்டினான். தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அதுதான் விஷயம்.

அதன்பின் காலை நேரத்தில் அவன் டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பான். அடுப்பு மேல் இருந்த ரேடியோவில் அவன் குரலே பேசிக்கொண்டிருக்கும்.

"ஏம்ப்பா ஆர்லன், நீ இங்க உக்காந்து முட்டை தின்னுட்டிருக்க, அங்க பேசுறவன் யாரு?" என்று டாட்டி கேட்பாள்.

டாயில் மகீ விடமாட்டான். அவனும் ஆர்லனும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். "நல்ல வெயிலு, துணி காயப்போடுங்கன்னு சொல்றான் பாரு. வெளிய கொட்டுது. டேய், என் பொண்டாட்டி உன்னை நம்பித் துணியை வெளிய போட்டிருக்கா. நீதான் வந்து தொவைக்கணும்."

"தொவைக்கிறேன். நீ கட்டியிருக்கிறதையும் கழட்டிக் குடு."

கடை சிரிக்கும். ஆர்லனும் சிரிப்பான். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டாயில் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவன் வண்டி ஓரமாக உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம். திங்களன்று அடக்கம். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஆர்லனும் ஒருவன். முன்பக்கம் இடது கைப்பிடி. ஈர மண்ணில் கால் வழுக்கியது, சமாளித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து கறுப்புச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை டாயிலுக்குப் பிறந்தநாள்.

முந்தைய வியாழன் பேசி வைத்தது அப்படியே ஒலித்தது. "டாயில் மகீ! அடே கழுதை, இன்னுமா உயிரோட இருக்க? ரீட்டா மே கேக் போட்டிருப்பா. ஒரே ஆளா முழுங்காம எனக்கும் ஒரு துண்டு வையி, வந்துட்டே இருக்கேன்."

டாட்டியின் கடையில் அது கேட்டது. டாட்டி கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். ஆர்லன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

டாயிலின் மனைவி ரீட்டா மே வீட்டு மேசை நிறைய, சாவு வீட்டுக்கென்று ஊரார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள். யார் பாத்திரம் என்று அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அவள் அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ரீட்டா மே, அது போன வாரமே பேசி வச்சது. எனக்கு ஞாபகமே இல்ல."

"தெரியும்."

"சத்தியமா..."

"தெரியும்னு சொல்றேன்ல ஆர்லன். நேத்து நீதான் தூக்கினே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்." பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "குரலைக் கேட்டதும் ஒரு நொடி, நீ சொன்னா அது நிசமாத்தான் இருக்கும்னு தோணிருச்சு. இத்தனை வருசப் பழக்கம். கதவு வரைக்கும் போயிட்டேன், அவர் உள்ள வர்றாரான்னு பாக்க."

அவள் அடுத்த பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினாள்.

"இப்ப அந்த மேட்டுல யார்தான் இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்படின்னா யார்கிட்ட போய்க் கோவிச்சுக்கிறது, சொல்லு."

அவன் கென்டைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். காலையில் ஒரே ஒரு மணி நேரம் போதும், நேரில் பேச விடு, சம்பளம்கூட வேண்டாம் என்றான். கென்ட் வருத்தப்பட்டான். அவன் நல்ல பையன்தான்.

"ரொம்பச் சங்கடமான விஷயம் சார். இனிமே பிறந்தநாளே வேணாம். ஊர்ப் பேரு, ஆள் பேரு எதுவும் வேணாம். எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி பொதுவாப் பேசுங்க. நம்ம மத்த ஊர் ஸ்டேஷன்லயும் போட்டுக்கலாம்."

அப்படியே ஆயிற்று. "வணக்கம் மக்களே, நல்ல நாளு, நல்ல பாட்டு." மழையா வெயிலா சொல்லக்கூடாது. செத்தவன் இருப்பவன் யாரையும் சொல்லக்கூடாது. பார்த்தே இராத ஊர்களில் அவன் குரல் நல்ல நாள் சொன்னது.

மனைவி நோர்மா ஒருநாள் கேட்டாள். "வீட்டுல கூட அப்படித்தான் பேசுற. எப்படி இருக்கேன்னு கேட்டா நல்ல நாளுங்கற. உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

பிப்ரவரியில் ஒரு திங்கள், விடிந்த கையோடு மேட்டுக்கு வண்டியை ஏற்றினான். சாவி அவனிடம்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி, பழைய ஒலிவாங்கியின் தூசியை ஊதி மாட்டினான். வேலை போகும் என்று தெரியும். போகட்டும். ரீட்டா மேயிடமும் ஊரிடமும் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது.

"நான் ஆர்லன். இது பேசி வச்சது இல்ல, இப்பப் பேசுறேன். வெளிய பனி, கீழ் ரோட்டுல வழுக்குது, மெதுவாப் போங்க. டாயில் மகீ செப்டம்பர் மாசம் செத்துப்போனான். அதை இங்க யாரும் படிக்கல. இப்பப் படிக்கிறேன்." முறைப்படி படித்தான். பிறந்த ஊர், பெண்டாட்டி பிள்ளைகள், எந்தக் கல்லறை. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டான். "ரீட்டா மே, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என்னை மன்னிச்சிரு. இப்ப விக்கிறேன் வாங்குறேன் நேரம். கூப்பிடுங்க."

ஒரு பாட்டைப் போட்டான். தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்தது. தொலைபேசி எண்ணை எடுத்துச் சொன்னான். இன்னொரு பாட்டு. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். இணைப்பு இருந்தது. ஒரு மணி நேரம் பேசினான், ஒரு அழைப்பும் வரவில்லை. கம்ப்யூட்டர் வயரைத் திரும்பச் செருகிவிட்டு இறங்கினான்.

டாட்டியின் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேரனின் கைப்பேசியிலிருந்து. "காபியா ஆர்லன்?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ரீட்டா மே பனியை வாரிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"காலைல ரேடியோ கேட்டியா?"

"இல்லியே. அன்னிக்கு அணைச்சதுதான், அப்புறம் நான் போடவே இல்ல. ஏன்?"

"சும்மாதான்."

"எதாச்சும் சொன்னியா?"

சொல்லியிருக்கலாம். அங்கேயே, பனியில், நேருக்கு நேர். ஆனால் காலையில் சொன்னதிலேயே எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "பனி, வழுக்குதுன்னு சொன்னேன்," என்றான்.

"அது பாத்தாலே தெரியுதே," என்று அவள் மறுபடி வாரத் தொடங்கினாள்.

வேலையை விட்டுத் தூக்க கென்ட் கூப்பிடுவான் என்று செவ்வாய் முழுக்கக் காத்திருந்தான். புதன் மதியம் கூப்பிட்டான்.

"சார், திங்கக்கிழமை காலைல..."

"ஆமா. நான்தான்."

"வர்ற திங்கக்கிழமை சார், எங்களுக்கு லீவு. அதனால அடுத்த வாரத்துக்கானதை இன்னிக்கே பேசி வச்சிர முடியுமா?"

அன்று காலை ரேடியோவைக் கம்பெனிக்காரனும் கேட்கவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினான்.