ஹேமா மேடம் பிடித்த கறுப்பு மீன்

சனிக்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது எங்கள் மருத்துவமனை வரவேற்பிலிருந்து போன் வந்தது. "அக்கா, ஹேமா மேடம் போயிட்டாங்க. தூக்கத்துலயே." நான் அழவில்லை. "யார் சொன்னா? நேர்ல பார்த்தவங்க யாரு? டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பெண் திணறிவிட்டாள். மேடம் இருந்திருந்தால் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பார் என்று உறைத்தபோது தோசை கருகியிருந்தது. அப்புறம்தான் அழுதேன்.

தில்லை நகரில் எங்களோடு அந்தக் கண் மருத்துவமனையில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய "நிஜமா?" மறந்திருக்காது. லேபில் அவரிடம் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்பார். "இல்லீங்க" என்றால், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நிஜமா?" மணப்பாறைப் பெரியவர் ஒருவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று சாதித்தார். மேடம் அவருடைய மீசையையே பார்த்தார். "அப்ப மீசையில இருக்கிற முறுக்குத் தூள் யாரோடதுங்க?" பெரியவரே சிரித்துவிட்டார். மேடம் பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பார், லிஃப்டை நம்பாமல் படியேறுவார். நாங்கள் கேலி செய்தால், "சந்தேகப்பட்டு நான் என்னங்க கெட்டுப் போயிட்டேன்?" என்பார்.

எனக்கு அவரிடம் ஒட்டுதல் ஏற்பட்டது மீன்களால். மனைவியை இழந்த ஒருவரை மணந்து நான் ஸ்ரீரங்கத்தில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்த சமயம் அது. அவர் மகள் யாழினி அப்போது ஏழாம் வகுப்பு. என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடமாட்டாள். ஏதாவது தேவையென்றால் எதிரே வந்து நிற்பாள். ஸ்கூட்டரில் ஏறினால் என்மேல் விரல் படாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வாள். புது வீட்டுக்கு அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு பொருள், மீன் தொட்டி. அதையாவது ஒழுங்காக அமைத்துக் கொடுத்தால் எங்களுக்குள் ஒரு பேச்சு பிறக்கும் என்று மனக்கோட்டை கட்டினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்பு மீன் வளர்த்தவர் என்பதால் மேடத்திடம் யோசனை கேட்டேன்.

தொட்டியில் தண்ணீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டுச் சில வாரம் சும்மா வைக்கச் சொல்லி, அதன் பிறகே மேடம் என்னை உறையூரில் தன் வீட்டுப் பக்கத்து வண்ண மீன் கடைக்கு அழைத்துப் போனார். "எல்லாம் ஒண்ணா இருக்கும்ங்க, சண்டையே போடாது" என்று கடைக்காரர் பல ஜாதி மீன்களை ஒரே பையில் அள்ளப் பார்த்தார். "இருங்க, கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கலாம்" என்றார் மேடம். தீனி விழுந்ததும் கோடு போட்ட டைகர் பார்ப் ஒன்று பக்கத்து மீனின் வாலைக் கவ்வியது. "பசி வந்தாத்தாங்க குணம் தெரியும். இது வேணாம்." கோல்டு ஃபிஷ் பெரிதாக வளர்ந்து சின்னதுகளை விழுங்கும் என்று தள்ளினார். ஏஞ்சல் மீனின் அழகில் நான் சொக்கிப்போனபோது, "இவ்வளவு அமைதியா நிக்குதே, அதுவே சரியில்லை" என்றார். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் கப்பி, மோலி, பிளாட்டி மட்டும் போதும் என்றார். கல் உப்பும் துளி போடச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். என் மாமியார், "இத்தனை அழகா இருந்தா போறவங்க வர்றவங்க கண்ணு பட்டுடும். திருஷ்டிக்குக் கறுப்பு மீன் ஒண்ணு விட்டே ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மேடத்தைக் கேட்காமலே என் கணவர் கறுப்பு உடம்பும் சிவப்பு வாலுமாக ஒரு குட்டியை வாங்கி வந்தார். ரெட் டெயில் ஷார்க்காம், பெயரில்தான் ஷார்க்காம், பரம சாதுவாம். விட்டதும் அது கல்லுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. ஐயோ பாவம், பயந்த சுபாவம் என்று எல்லோரும் உருகினோம்.

கொஞ்ச நாளில் கப்பிகள் வால் கிழிந்து மிதக்க ஆரம்பித்தன. மாலையில் நான் வரும்வரை தொட்டியோடு தனியாக இருப்பவள் யாழினிதான். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். ஈர வலையோடு நின்றவள் என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சந்தேகப்பட்டேன், ஆமாம். யாராக இருந்தாலும் படுவார்கள். நேருக்கு நேர் கேட்டுவிடப் போகிறேன் என்று மேடத்திடம் கொதித்தேன்.

"கேட்டுடாதீங்க கவிதா. கேட்டா அந்தப் பொண்ணு உங்களுக்கு இல்லவே இல்லைன்னு ஆயிடும். முதல்ல மீனைச் சந்தேகப்படணும், அப்புறம் தண்ணியை. மனுஷங்கள்லாம் கடைசிலதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கே வந்துவிட்டார். தண்ணீரை முகர்ந்து பார்த்தார். பிறகு யாழினியிடம், "நீ யாரைச் சந்தேகப்படுறே?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, என்னைக் கை காட்டினாள். "இவங்கதான் தண்ணியில என்னமோ போடுறாங்க. அடிபட்ட மீனையெல்லாம் நான்தான் பக்கெட்ல எடுத்து வச்சிருக்கேன். இவங்க பார்த்தா அதையும் கொன்னுடுவாங்க." நான் போட்டதெல்லாம் மேடம் சொன்ன கல் உப்புதான்; எனக்கு அறை விழுந்தது போல இருந்தது. மேடமோ, "அடேங்கப்பா, ரெண்டு பேருக்கும் சந்தேகம் நல்லாவே வருது!" என்று சிரித்தார்.

தொட்டி விளக்கை அணைத்து, சமையலறைத் திரைக்குப் பின்னால் எங்கள் இருவரையும் தரையில் உட்காரவைத்தார். "மூச்சு விடக்கூடாது." அவர் டம்ளரில் காபி ஆறிப்போனது. வீடு அடங்கியதும் கல்லுக்கடியிலிருந்து அந்தப் பரம சாது வெளியே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூலையில் நின்ற கப்பிமேல் பாய்ந்தது. யாழினி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "ஆன்ட்டி, அவன்தான்!" அந்த 'ஆன்ட்டி'தான் அவள் எனக்கு வைத்த முதல் பெயர்.

"இவன் கெட்டவன் இல்லைங்க. யாரும் இவனுக்கு ஆகாது, அவ்வளவுதான்" என்று சொல்லி, தன் வீட்டில் காலியாகக் கிடந்த தொட்டிக்கு அவனைக் கேட்டார் மேடம். அன்று மாலையே ஸ்கூட்டரில் உறையூருக்குக் கொண்டுபோனோம். யாழினி ஒரு கையில் மீன் பையைப் பிடித்திருந்தாள். மறு கையை வழியெல்லாம் என் தோளில் வைத்திருந்தாள்.

இப்போது மேடத்தின் காரியம் முடிந்த பிறகு அவர் கணவர் எங்களைக் கூப்பிட்டு, அந்தக் கறுப்பு மீனைக் காட்டி, "அவ தினமும் இதுகிட்டதான் பேசுவா. என்னால பார்க்க முடியலம்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார். யாழினி இப்போது பத்தாம் வகுப்பு. அதே வழியில் அதே மீனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் இப்போது என் மேஜைமேல் தனித் தொட்டியில், கல்லுக்கடியில் இருக்கிறான். மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவன் ஒருவன்தான் என்று நினைத்தேன்.

அவனைக் கொண்டுவந்த அன்று இரவு விளக்கைப் போடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமா?"