அவர் வலையில் இருந்த ஓட்டை

மகாராஜபுரம் கண்மாயில் தண்ணீர் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள். ஆலங்குளத்துக் கரிசல்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட நான் அதற்கு முன் மீன் பிடித்ததே இல்லை. அதனால் முந்தின நாளே வீட்டில் கிடந்த ஒரு பழைய கைவலையை எனக்கென்று எடுத்து நனைத்து, ஒவ்வொரு கண்ணாக இழுத்துப் பார்த்து, நைந்த இடங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய நைலான் நூலால் முடிந்தேன்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏட்டி, எம்புட்டு நேரம் வலையையே தடவுவ? அயிரை கூட உனக்குச் சிக்காது."

துப்பாக்கியைத் தினமும் துடைக்கிற மனுசன், பரணிலிருந்து எடுத்த தன் வலையை உதறிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் எலி கடித்த ஓட்டை இருந்தது. நான் பார்த்தேன். கோபத்தில் சொல்லவில்லை.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசி அனுமதி கொடுத்ததும் இறங்கினோம். அவர் வலையில் முழங்கை நீள விரால் ஒன்று விழுந்தது. விழுந்த வேகத்தில் ஓட்டை வழியாக நழுவி, பக்கத்திலிருந்த என் வலைக்குள் பாய்ந்தது. நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை!

முகம் சுண்டிப்போவார் என்று நினைத்தேன். அவரோ விராலைத் தலைக்கு மேலே தூக்கி, "ஏலே, பாருங்கலே! எம் பொண்டாட்டி புடிச்சது!" என்று கண்மாயே அதிரக் கத்தினார்.

மறுநாளே அவர் வலையையும் முடிந்து வைத்தேன். ஓட்டையை முன்னாடியே பார்த்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவரே கேட்கட்டும்.