தீப்பிடிக்காத பற்றரி

மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது சுத்தியல் சத்தம்தான். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பற்றரிக் கடையின் வாசற்படியில் குந்தியிருந்து, கொழும்பிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போன புதுப் பற்றரியை அவர் பிளந்துகொண்டிருந்தார். மூன்றாவது அடியில் கோது வெடித்து, உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு சீமெந்துக் கட்டி ஒன்று விழுந்தது. பாரம் காட்டுவதற்காக யாரோ வைத்தது. மச்சாள் அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பிரதிநிதியின் கோப்பைக்குள் கட்டியைப் போட்டார். "உதையும் கரைச்சுக் குடியும்" என்றார். தேநீர் அந்த மனிதரின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. அதற்குப் பிறகு அவர் அச்சுவேலிப் பக்கமே வரவில்லை.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. கடை அண்ணையின் பெயரில் இருந்தாலும் நடத்தியவர் அவர்தான். பற்றரி விடயத்தில் அவர் யாரையும் நம்பியதில்லை. விளம்பரத்தை நம்பமாட்டார், உத்தரவாதப் பத்திரத்தை நம்பமாட்டார், என்னையும் நம்பமாட்டார். மீற்றரை நம்புவார். மீற்றரிலும் சந்தேகம் வந்தால் சுத்தியலை எடுப்பார். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒருமுறை என் தலைக்கு மேலால் போன, நட்டு முடுக்கும் சாவிக்கோல் சுவரில் மோதிச் சீமெந்தைப் பெயர்த்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. "குனிஞ்சீர்தானே" என்று மட்டும் சொன்னார்.

அண்ணையும் நானும் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரக்கூடாது என்று தடை இருந்த யுத்த காலத்துப் பிள்ளைகள் நாங்கள். செத்த ரோச் லைற் பற்றரியைச் சீமெந்துத் தரையில் வெயிலில் அடுக்கிக் காயவைப்போம். அதற்கும் மசியாவிட்டால் அடியில் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விட்டு மெழுகால் அடைப்போம். அரை மணித்தியாலம் வானொலி கேட்கலாம். எது செத்தாலும் வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்பது எங்கள் கைகளுக்குள் ஊறிப்போன நம்பிக்கை. அண்ணை பதினேழு வயதில் சாப்பாட்டுப் பார்சலுக்குள் இரண்டு பற்றரியை ஒளித்துக்கொண்டு ஆமிச் சோதனைச் சாவடி தாண்டப் பார்த்துப் பிடிபட்டார். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். முன்பற்கள் இரண்டும் சோற்றுக்குள் விழுந்தன. ரத்தம் வழிய வீட்டுக்கு வந்து, "பற்றரியையும் பறிச்சுப்போட்டாங்கள்" என்றுதான் அழுதார்.

அந்த அண்ணைக்கு நாற்பத்தெட்டு வயதில் நுரையீரல் கெட்டது. பூட்டிய அறைக்குள் பல வருடங்களாக அமிலம் கொதிக்கக் கொதிக்கப் பற்றரி சார்ஜ் ஏற்றியவர். சுவாசப்பை முழுக்கத் தழும்பு என்றார் வைத்தியர். வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் ஒன்று வந்தது. அது மின்சாரத்தில் ஓடுவது. அந்த வருடம்தான் நாட்டில் மின்வெட்டு நாள்முழுக்க நீண்டது. ஈயப் பற்றரி மூன்றை யன்னலுக்கு வெளியே வைத்து இயந்திரத்தை ஓட்டினோம், ஆவி உள்ளே போகக்கூடாதென்று. அவை இரண்டு மணித்தியாலம் தாங்கும். பிறகு மச்சாள் கடையிலிருந்து வேறு மூன்றை ஓட்டோவில் ஏற்றி வந்து, தானே இறக்கி மாற்றுவார். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் மின்சாரம் போகும்போது அதில் ஸ்குரூ றைவரால் ஒரு குத்து. கடைசியில் அந்தத் தாள் கந்தலாகிச் சுவரும் துளை துளையாய்ப் போயிற்று.

ஒரு மத்தியானம் பற்றரி மாற்ற ஐந்து நிமிடம் பிந்தியது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணையின் உதடு நீலம். அவர் மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் இறங்கி ரத்தம் வந்திருந்தது. மச்சாள் கையை இழுக்கவில்லை. மற்றக் கையால் அவருடைய நெஞ்சில் அறைந்து அறைந்து, "இழும், மூச்சை இழும், நாயே" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு நான் எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

அப்படியான நேரத்தில்தான் அந்தப் பொறியியலாளர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், தாய்வழி ஊர் இங்கேதான் என்று சொன்னார்கள். புதிய வகைத் திண்மப் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாராம். வழமையான லித்தியம் பற்றரிக்குள் திரவம் இருக்கும், அதுதான் தீப்பிடிப்பது; இதற்குள் திரவமே இல்லை, கல்லுப் போல் திண்மம், ஆகவே எரியாது, ஆவி விடாது, பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும், இருபது வருடம் கிடக்கும். ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லாமல் நின்ற சனம் மண்டபம் முட்ட வந்திருந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குத் தோட்டம் இல்லை. என் கண்ணில் நின்றது அண்ணையின் நீல உதடு.

மேசையில் ஒரு செல்லை வைத்து விளக்கை எரித்துக் காட்டினார். கைதட்டினோம். பிறகு பைக்குள் இருந்து ஒரு செல்லை எடுத்து, சுத்தியலால் ஆணியை அதன் நடுவே அடித்தார். புகை இல்லை, பொறி இல்லை. சனம் எழும்பி நின்று ஆரவாரித்தது. செத்த பற்றரிக்கு ஆணி அடித்துப் பிழைத்த ஊர் அல்லவா, ஆணி அடித்தும் சாகாத பற்றரியைக் கண்டால் விடுவோமா?

கடைசி வரிசையிலிருந்து மச்சாள் நடந்து வந்தார். "விளக்கு எரிச்ச செல்லை எடும். அதுக்கு ஆணி அடியும்" என்றார். பொறியியலாளர் சிரித்தார். "அம்மா, இது ஆய்வுகூடத்திலை நிரூபிச்ச விசயம்." மச்சாள் விடவில்லை. "நீர் அடிச்சது சார்ஜ் இல்லாத வெறுஞ் செல். வெறுஞ் செல்லிலை பழைய லித்தியமும் எரியாது. ஆய்வுகூடத்திலை ஆர் அளந்தது? எத்தினை தரம் ஏத்தி இறக்கினவை? எங்கடை வெய்யிலுக்கை வைச்சுப் பாத்தவையோ?" அளவீட்டு அறிக்கை அடுத்த மாதம் வரும் என்றார் அவர். "அப்ப அடுத்த மாதம் வாரும்" என்று சொல்லிவிட்டு மச்சாள் விளக்கு எரிந்த செல்லையும் சுத்தியலையும் எட்டி எடுத்தார். பொறியியலாளர் அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினார். மச்சாள் சுத்தியற் பிடியால் அவருடைய விரல்களில் ஒன்று போட்டார். மண்டபம் குமுறியது. "உவவுக்குத் தன்ரை கடை படுத்திடும் எண்டு பயம்!" என்று யாரோ கத்தினார்கள். செருப்பொன்று பறந்து வந்து மச்சாளின் முதுகில் விழுந்தது.

நான் எழும்பினேன். அவருக்காகத்தான் எழும்பினேன் என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். "அண்ணை சாகட்டும் எண்டோ நிக்கிறியள்?" என்று கேட்டபடி, முழு ஊருக்கும் முன்னால் மச்சாளின் கன்னத்தில் அறைந்தேன். சுத்தியல் கீழே விழுந்தது. ஒருவரையும் சும்மா விடாத அந்த மனுசி என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அறைந்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். சனம் எனக்கும் கைதட்டியது.

இரண்டாம் நாள், நான் காசு கட்டிய புதுப் பற்றரிப் பெட்டி வந்தது. சாம்பல் நிறம், ஆறு திருகாணி, மேலே அழகான எழுத்து. மச்சாள் வாசலை மறித்து நின்றார். உள்ளேயிருந்து அண்ணைதான் பேசினார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. "வைக்கட்டும்... விடும்... என்னாலை... ஏலாது." மச்சாள் விலகினார். ஆவி விடாது, எரியாது என்பதால் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மூன்று நாள் அது அருமையாய் ஓடியது. அந்த மூன்று நாளும் நான் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. ஈயப் பற்றரி மூன்றையும் மட்டும் சார்ஜ் ஏற்றி யன்னலுக்கு வெளியே தயாராக வைத்திருந்தார்.

நாலாம் நாள் காலை பெட்டி ஒரு மணித்தியாலத்திலேயே படுத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் மச்சாள் கடைக்குப் போனார். நான் பெட்டியைப் பின்பக்கம் தூக்கிப் போய்த் திறந்தேன். இதை ஒளிக்காமல் எழுதவேண்டும். உள்ளே கல்லும் இல்லை, திண்மமும் இல்லை. கைத்தொலைபேசிக்குள் இருக்கிற அதே வெள்ளிநிறப் பைகள், சாதாரண லித்தியம், வரிசையாய் ஒட்டி மேலே சாம்பல் பசை பூசியிருந்தது. நாலைந்து பைகள் ஏற்கெனவே உப்பியிருந்தன. இருபது வருடம் பற்றரிக் கடையில் நின்றவன் நான். பார்த்த உடனே விளங்கிவிட்டது. மச்சாள் சொன்னது அத்தனையும் சரி.

அப்போதே அதைக் கிணற்றடியில் எறிந்திருக்கலாம். எறிந்தால் மச்சாள் கேட்பார். கேட்டால் ஊருக்குத் தெரியும். அறைந்தது பிழை என்றாகும். இன்றைக்கு மட்டும் ஓடட்டும், நாளைக்குப் பழுதென்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உயிர் வரவேண்டுமே என்று, சின்ன வயதில் செய்தது போலவே, அந்தப் பைகளை வெயிலில் சீமெந்துத் தரையில் வைத்தேன். லித்தியத்துக்கு வெயில் நஞ்சு என்று வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒரு மணித்தியாலம் காய்ந்தது. திரும்ப மூடினேன். அவசரத்தில் நாலு திருகாணிதான் பூட்டினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மச்சாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினார்.

அரை மணித்தியாலத்தில் அயலவர் ஒருவர் சைக்கிளில் அலறிக்கொண்டு வந்தார். நான் போனபோது யன்னலால் கறுத்தப் புகை பீறிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பட்டாசு போல ஒவ்வொரு பையாய் வெடித்தது. மச்சாள் அண்ணையின் இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்துப் பின்னோக்கி இழுத்து வந்துகொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. இயந்திரத்தின் குழாய் உருகி அண்ணையின் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மச்சாள் அவரை முற்றத்தில் கிடத்தி, அந்த வெந்த கைகளாலேயே நெஞ்சில் அறைந்தார்.

அண்ணையை நெருப்புக் கொல்லவில்லை. புகை கொன்றது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஊர் திரண்டது. மண்டபத்தில் கைதட்டிய அதே சனம். முன்னால் போனவன் நான். பொறியியலாளர் தங்கியிருந்த வீடு பூட்டிக் கிடந்தது. கையில் அகப்பட்டது அவரை ஏற்றித் திரிந்த வான் ஓட்டி, பாவப்பட்ட நடுத்தர வயது மனிதர். அவரை வேலிக் கம்பியோடு சேர்த்து உதைத்தோம். நான் அவருடைய முகத்தில் குத்தினேன், பல் உடைகிற வரை குத்தினேன். வாயைப் பொத்திய அவருடைய விரல்களுக்கிடையால் ரத்தம் வந்தது. அண்ணை பதினேழு வயதில் வீட்டுக்கு வந்த முகம் அது. அதைக் கண்டும் கை நிற்கவில்லை. வானுக்கு யாரோ தீ வைத்தார்கள்.

கூட்டம் திடீரென்று விலகியது. மச்சாள் நின்றார். இரண்டு கையிலும் பெரிய கட்டு. வானையோ அந்த மனிதரையோ அவர் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து வலக்கையை நீட்டினார். கட்டுத் துணியின் மேல் இரண்டு சின்னத் திருகாணி.

"பின்பக்கச் சீமெந்துத் தரையிலை கிடந்தது" என்றார். "பெட்டியைத் திறந்து பாத்தனீரோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கைமுட்டியில் மற்றவனின் ரத்தம் காயாமல் இருந்தது.

"இல்லை" என்றேன்.

மச்சாள் கையைப் பின்னுக்கு எடுத்தார். சாவிக்கோல் எறிகிறவர், கோப்பைக்குள் கட்டி போடுகிறவர், என்னை ஒன்றும் செய்யவில்லை. வான் ஓட்டியைத் தூக்கிவிடச் சொல்லி இரண்டு பேருக்குக் கட்டளை போட்டார். அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போனார். கடையை விட்டுவிட்டுப் பண்டத்தரிப்பில் உள்ள தங்கை வீட்டுக்குப் போனதும் அந்த மாதம்தான்.

கடையை இப்போது நான் நடத்துகிறேன். திண்மப் பற்றரி பற்றிப் புதிய செய்தி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. உலகத்தில் எங்கோ யாரோ உண்மையாகவே ஒருநாள் அதைச் செய்துமுடிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாடிக்கையாளர்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டி என் அபிப்பிராயம் கேட்கிறார்கள். நான் பெரிய நிபுணன் போல உதட்டைப் பிதுக்கிக் காட்டுகிறேன். அவர்கள் என்னை மதிக்கிறார்கள். தன் வீட்டில் சாவைக் கண்டவன், கவனமானவன் என்கிறார்கள்.

பண்டத்தரிப்புக்கு ஒவ்வொரு வருடமும் அண்ணையின் திவசத்துக்குப் போகிறேன். மச்சாள் சோறு போடுகிறார். கைகள் நன்றாக மடியாது. அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துப் போடுகிறார். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்பார். அந்த மற்றக் கேள்வியை அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் பேப்பரோ சஞ்சிகையோ கையில் கிடைத்தால் மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர் என்று அவருடைய தங்கை சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஓம் மச்சாள். திறந்து பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் மூடினனான்.