விருந்தாளிகள் வந்த மத்தியானம்

நான் நர்சாக வேலை பார்க்கும் மருத்துவமனை அபிராமபுரத்தில் ஒரு தாழ்வான தெருவில் இருக்கிறது. நாலு தூறல் போட்டாலே வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அப்படிப்பட்ட இடத்து நர்சுகளுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்கப் பெருங்குடியிலிருந்து கோட்டும் டையுமாக ஒருவர் வந்தார். திரையில் அவர் காட்டிய படங்களில் முக்கால்வாசி பனியில் புதைந்த ஊர்கள். அபிராமபுரத்தில் பனிச்சரிவு ஏற்பட்டால் யாரும் கவலைப்பட வேண்டாம், நாங்கள் தயார். மழை பற்றிய படம் வருவதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. பிரிஞ்சி நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் நிர்வாக அதிகாரி எழுந்தார். ஆபத்து என்று மைக்கில் சொன்னால் நோயாளிகள் மிரண்டுவிடுவார்களாம். அதனால் ரகசிய வாக்கியம் ஒன்று வேண்டுமாம். அவரே யோசித்து வைத்திருந்தார்: "விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்." இதைக் கேட்டால் நோயாளிகளை மாடிக்கு ஏற்ற வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தரம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வரும் ஆய்வுக் குழுவுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரே விருந்தாளிகள்தான். சம்பந்தி வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்து நொட்டை சொல்கிறவர்களை வேறு எப்படி அழைப்பது? அது நர்சுகளுக்குள் மட்டும் புழங்கும் பேச்சு. அதை அவரிடம் போய்ச் சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதட்டினோம்.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மத்தியானம், ரிசப்ஷன் பெண் தேன் ஒழுகும் குரலில் மைக்கில் அறிவித்தாள், விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம்.

அடடா, நாங்கள் பறந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி டீ கெட்டிலை அலமாரிக்குள் ஒளித்தாள். இன்னொருத்தி குப்பைக்கூடைகளின் நிறத்தைச் சரிபார்த்தாள். நான் கஞ்சி போட்ட புதுப் படுக்கைவிரிப்புகளை எடுத்து விரிக்க ஆரம்பித்தேன். மாதக்கணக்கில் பழகிய பழக்கம், ஒரு மத்தியானப் பயிற்சியில் போய்விடுமா?

எங்கள் பிரிவு தரைத்தளத்தில். கடைசிப் படுக்கையில் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா, நிமோனியா முற்றி, வென்டிலேட்டரில் இருந்தார். மூச்சு முழுக்க மெஷின் கொடுப்பது. உடன் இருந்த மகள் வாசல் பக்கம் போய்விட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், தண்ணி உள்ள வந்துகினு கீது. நீங்க இன்னா பெட்ஷீட்டு மாத்திகினு கீறீங்க?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த நிமிஷமே கரன்ட் போனது. ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்காதீர்கள். தெருவிலேயே தாழ்வான இடமாகப் பார்த்து, கார் நிறுத்தும் அடித்தளத்தில் அதை வைத்திருந்தார்கள். மாடிக்குத் தனி இணைப்பு, அங்கே விளக்கு எரிந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. வென்டிலேட்டரின் பேட்டரி கொஞ்ச நேரம் கூவிவிட்டுக் கண்ணை மூடியது.

ஆம்பு பேக் என்று ஒரு ரப்பர் பை உண்டு. தொண்டைக் குழாயில் மாட்டிக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுப்பது. அதை மாட்டி நான் அமுக்க, நாலு பேர் அந்தப் புது விரிப்போடு அம்மாவைத் தூக்கிப் படியேறினார்கள். பாதிப் படியில் விரிப்பு நழுவப் பார்த்தது. நான் அதைப் பிடித்தால் பையை யார் அமுக்குவது?

"குடு சிஸ்டர், நான் அமுக்கறேன்" என்றாள் மகள். நீ மூச்சு இழுக்கிறபோது அமுக்கு, அம்மா நெஞ்சு ஏறுகிறதா பார், அவ்வளவுதான் என்றேன். கோட்டு இல்லை, திரை இல்லை, பிரிஞ்சியும் இல்லை. பயிற்சி முடிந்துவிட்டது. அவள் அமுக்கிக்கொண்டே படியேறினாள்.

மாடியில் ஒரு மெஷின் கிடைத்தது. பையைக் கழற்றிக் குழாயை அதில் இணைத்தோம். அம்மாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மகள் மட்டும் நிறுத்தவில்லை. எதிலும் மாட்டாத பையைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் நெஞ்சையே பார்த்தபடி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, இனிமே மெஷின் பாத்துக்கும்" என்றேன்.

"கீழயும் மெஷின்தானே பாத்துக்கினு இருந்துச்சு?" என்றாள்.

பையை அவளிடமே விட்டுவிட்டு, அடுத்த நோயாளியைத் தூக்கக் கீழே ஓடினேன்.