சம்பந்தி விட்டுவிட்ட ஒருத்தி

என் மகள் கட்டிக்கொண்டவன் ஸ்கொட்லாந்துக்காரன். பிள்ளை தங்கமானவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் அவனுடைய தகப்பன்மேலும் என் கணவர்மேலும்தான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் சம்பந்தி, மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கல்யாண விருந்தில் தங்கள் குலப்பெயரின் கதையை அவர் சொல்லப்போகிறாராம். மருமகளும் அந்தப் பெயருக்குள் வருகிறாள் அல்லவா. எங்களிடம் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் தொடங்கிய பெயர். அந்தப் பெயரில் ஒரு தளபதி, ஒரு பிஷப், பாலங்கள் கட்டிய ஒரு பொறியியலாளர்.

"ஒருவர் உங்கள் நாட்டுக்கே போயிருக்கிறார். காடு வெட்டித் தேயிலைத் தோட்டம் உண்டாக்கியவர். தோட்டத்துக்கும் எங்கள் பெயர்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பூரித்துப்போனார்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடொன்றில். என் அம்மா அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே செத்தாள். காட்டை அந்தத் துரையா வெட்டினார்? அவர் கையில் ஒரு கொப்புளமாவது வந்திருக்குமா? வெட்டியது அம்மாவின் பாட்டன்மார்.

வாயைத் திறக்குமுன் கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அவர் யாழ்ப்பாணம். தோட்டத்து ஆட்கள் என்றால் அவர் வீட்டாருக்கு இளக்காரம். அவருடைய சொந்தக்காரரிடம் நான் கண்டியில் கடை வைத்திருந்தவர்களின் மகள் என்று சொல்லிவைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கதைதான். அதற்காகவே எங்கள் தோட்டத்து 'ஆமா'வை விட்டு யாழ்ப்பாணத்து 'ஓம்' சொல்லப் பழகினேன். பெற்ற மகளுக்குக்கூட உண்மை தெரியாது.

"பேசாமல் இரும். நோர்பரியில இருக்கிற என்ர அக்காவுக்குத் தெரிஞ்சா நான் தலை நிமிர்த்தேலாது" என்றார் மெல்ல.

சம்பந்திக்குத் தமிழ் விளங்காது. அவர் தன்பாட்டில் தொடர்ந்தார். "இந்தப் பெயர் உள்ள எல்லோரும் ஒரே இரத்தம் இல்லை. தலைவனின் நிலத்தில் இருந்து உழைத்தவர்களும் அவன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அவர்களும் குலம்தான்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்படியென்றால் என் அம்மாவும் உங்கள் குலம்தான்" என்றேன் ஆங்கிலத்தில். "அந்தத் தோட்டத்தில் சாகும்வரை உழைத்தவள். டவுன் கடைக்காரர்கள் அவளைத் தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவளையும் சேருங்கள், துரைக்குப் பக்கத்திலேயே."

அவர் முகம் சிவந்துபோயிற்று. கட்டாயம் சேர்க்கிறேன் என்று தலையாட்டினார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஏன் என்னட்டச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். கணவர் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் பெயர் அந்த மண்டபத்தில் ஒலிக்கப்போகிறது, எனக்கு அது போதும்.

கல்யாணத்தன்று சம்பந்தி கட்டம்போட்ட ஸ்கொட்லாந்துப் பாவாடையோடு எழுந்து நின்றார். தளபதி வந்தார், பிஷப் வந்தார், பாலங்கள் வந்தன. பிறகு கிளாஸை உயர்த்தி எல்லோரையும் குடிக்கச் சொல்லிவிட்டார். துரையையும் காணோம், அம்மாவையும் காணோம். சங்கடம் வேண்டாமென்று இரண்டு பேரையும் சேர்த்து வெட்டிவிட்டிருக்கிறார். அது மரியாதையாம். துரைக்கு என்ன நட்டம்? ஒரு மலை முழுக்க அவர் பெயரில் கிடக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்கவிருந்தது இந்த ஒரு இடம்தான்.

பக்கத்தில் கணவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அந்த மூச்சைக் கேட்டதும்தான் எழுந்தேன். போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். கணவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன செய்யப்போறீர்? முன்னால அக்கா இருக்கிறா."

"ஆமா, இருக்காங்க. நல்லாக் கேட்கட்டும்" என்றேன்.

பிறகு அவர் அக்காவான என் மச்சாளின் முகத்தைப் பார்த்தபடி தொடங்கினேன். "எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க."