தம்பி கலந்த உப்பு

லிப்ட் மெக்கானிக்கின் வீட்டு வராந்தா மூலையில் ஒரு நீல டிரம் நிற்கிறது. அவருடைய தம்பி கடல்மீன் வளர்த்தான். தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற, உப்புத் தண்ணீரை முன்கூட்டியே கலந்து அதில்தான் வைத்திருப்பான். கடைசியாகக் கலந்த மறுநாளே லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். மீன்களை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். டிரம்முக்குள் சின்ன மோட்டார் மட்டும் மூன்று வருஷமாகத் தண்ணீரைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கிறது.

“மீனே இல்ல. யாருக்கு இந்தத் தண்ணி?” என்று மனைவி கேட்காத நாளில்லை.

“வத்துறது வெறும் தண்ணிதான். அதுக்கு நல்ல தண்ணி ஊத்திடறேன். உப்பு அவன் போட்டது அப்படியே இருக்கு.”

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் சத்தம் நின்றதும் வீட்டில் யாரோ மூச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. தேங்கினால் தண்ணீர் கெட்டுவிடும் என்று அவர் கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கலக்கினார். ஒரு மணி நேரம், உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி, கையை எடுக்கவே இல்லை.

கரண்ட் வந்ததும் எடுத்தார். காயக் காயக் கையில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

“இந்தாங்க, தொடச்சுக்குங்க” என்று மனைவி துண்டை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கேட்டார். கையை டிரம்முக்கு மேலே நீட்டி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், அந்த உப்பை உள்ளேயே கழுவி விட்டார்.