ரேடியோ படித்த மூன்றாமவள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் மூன்றாவது பெண்ணோ பூனாவில் ஆராய்ச்சிப் படிப்பு படித்தாள். யார் கேட்டாலும் 'ரேடியோ படிக்கிறாள்' என்பேன். திருத்தணியில் எல்லோரும் அதை ரிப்பேர் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதற்குமேல் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம் அவள் லீவுக்கு வந்திருந்தாள். கனகம்மாசத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இடம் அமைந்தால் படிப்பை நிறுத்திவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவாக இருந்தார். அவளுக்கோ இன்னும் இரண்டு வருஷம் வேண்டும்.

மாப்பிள்ளையின் அத்தை காபியைக் குடித்துவிட்டு, அலமாரி மேல் கரகரத்துக்கொண்டிருந்த எங்கள் டிரான்சிஸ்டரைக் காட்டினாள்.

"ரேடியோ படிக்கிற பொண்ணாமே. இத்த சரி பண்ணும்மா, பாக்கலாம்."

இவள் முகம் சுளிக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பாட்டு சுத்தமாகக் கேட்டது. உள்ளே கொண்டுவந்ததும் மறுபடி கரகர.

"செட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. எங்க வீட்டு டியூப்லைட்தான் கத்துது."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "இதுக்கா பூனா வரைக்கும் போயி படிக்கணும்?"

"நான் படிக்கறதும் இதேதாங்க. குவாசார்னு ஒண்ணு, எங்கியோ தூரத்துல, ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவுல எரிஞ்சிகினு இருக்குது. அந்தக் கூட்டம்தான் அதுக்கு வீடு. சிலதுலேருந்து ரேடியோ அலை பலமா வரும். பலதுலேருந்து மெல்லிசாதான் வரும். அந்த மெல்லிசு, நடுவுல இருக்கறது குடுக்குதா, வீடு குடுக்குதான்னு தெரியல. அத கெணத்தடிக்குத் தூக்கினு போவ முடியாதே. அதான் ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? எங்க பையனுக்கு இப்பவே முப்பது," என்றாள் அத்தை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாளிப்பேன் என்று. அவரோடு எதிர்ப்பேச்சு பேசாதவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் விருந்தாளி எதிரில் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அவ முடிச்சிட்டுத்தான் கட்டிக்குவா. காத்துகினு இருக்கறதுன்னா சொல்லுங்க."

அவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சோற்றுக்கு மட்டும் வந்து உட்கார்ந்தார்.

படிப்பு முடிந்த அன்று போன் செய்தாள். "இன்னாடி, நடுவுல இருக்கறதா, வீடா?" என்றேன்.

"சிலதுல வீடும்மா. சிலதுல நடுவுல இருக்கறது. ரெண்டும் கலந்தும் வருது."

இதற்கா இரண்டு வருஷம் என்று நான் கேட்கவில்லை. அவளே கண்டுபிடித்துச் சொன்ன பதில் அது.

அவள் பெண் இப்போது நான் எழுதிய இந்தத் தாளோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். படி கண்ணு, முதல்லேருந்து நிதானமா படி. உங்கம்மா சொன்னத நான் எங்கியாவது மாத்தி எழுதியிருந்தா, அங்கியே நிறுத்திச் சொல்லு.